கலம் கெட்டால் உடையவனுக்கு என்ன?

இணையச் சேமிப்பகங்கள் மூடப்படும்போது குடும்பங்களின் ஞாபகங்கள் எங்கே போகின்றன? எட்டு நூற்றாண்டுக்கு முந்திய தீவகத்துச் சாசனம் ஒன்றின் முன் நின்று ஒரு விசாரணை.

குறிகட்டுவான் இறங்குதுறையில் லோஞ்ச் ஏறினால் கால்மணி நேரத்தில் நயினாதீவு வந்துவிடுகிறது. கரையேறிய அடியார்கள் நாகபூஷணி அம்மன் சந்நிதியை நோக்கி நடக்கும் வேகத்தில், அக்கோயிலிலே நிற்கும் ஒரு கல்லை ஏறெடுத்துப் பார்ப்பவர் சிலரே. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, சிங்கள மன்னனாயிருந்தும், துறைமுகத்துக்கு வருபவர் வாசிக்கவேண்டும் என்பதற்காகத் தமிழிலே வெட்டுவித்த சாசனம் அது. அதனை வாசித்து 1963 ஆம் ஆண்டில் பதிப்பித்தவர் பேராசிரியர் கா. இந்திரபாலா. ஊராத்துறை என்று அன்று வழங்கிய நமது ஊர்காவற்றுறையிலே பிறதேசத்து வணிகர் வந்து இறங்கவேண்டும், இறங்குபவர் காக்கப்படவேண்டும் என்று கூறிய அரசன், கலம் கெட்டால், அதாவது கப்பல் உடைந்து போனால், அதிலுள்ள பொருள் யாருக்கு என்பதற்கும் ஒரு வியவஸ்தை வகுக்கிறான். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலமானால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு; வணிகச் சரக்கு ஏற்றிய கலமானால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

கடல் கொண்டதை யார் கேட்கப்போகிறார்கள் என்று முழுவதையும் வாரிக்கொள்ள அந்த அரசனுக்குப் படைபலமும் அதிகாரமும் இருந்தன. அப்படியிருந்தும், கலம் சுக்குநூறானபின்னும் பொருளுக்கு உடையவன் ஒருவன் உண்டு, அவன் உரிமை கலத்தோடு சேர்ந்து மூழ்குவதில்லை என்ற தர்மத்தை அவன் கல்லிலே எழுதிவைத்தான். இன்றைக்கு நாம் நமது படங்களையும் கடிதங்களையும் பிள்ளைகளின் குரல்களையும் ஏற்றி அனுப்பியிருக்கும் கலங்கள் வேறுவிதமானவை. அவை கெட்டால் உடையவனுக்கு எத்தனை பங்கு என்று எந்தக் கல்லிலும் எழுதியிருக்கவில்லை. அந்தக் கேள்வி என் மனத்தில் முளைத்ததற்கு எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த ஒரு நஷ்டமே காரணம்.

படத்தின் முதுகு

வேலணையில் எங்கள் அப்பப்பா தபாற் கந்தோரில் லிகிதராயிருந்தவர். எந்தப் படம் கைக்கு வந்தாலும் அதன் முதுகிலே, ஸ்டூடியோவின் ஊதா முத்திரைக்குக் கீழே, நீல மையால், மணிமணியான எழுத்தில், திகதி, இடம், நிற்பவர் பெயர், இருப்பவர் பெயர், அன்றைய விசேஷம் என்று ஒன்றும் விடாமல் எழுதிவைப்பது அவர் வழக்கம். 1990 ஆம் ஆண்டில் யுத்தம் தீவகத்தைச் சூழ்ந்து, சனங்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வள்ளங்களில் யாழ்ப்பாணத்துக்குக் கடந்தபோது, காணி உறுதிகளும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் இருந்த அதே றங்குப்பெட்டியில் அந்தப் படங்களும் ஏறின. பெட்டி யாழ்ப்பாணம், கொழும்பு என்று அலைந்து, ஈற்றில் பெரியப்பாவின் மகன், எங்கள் மூத்த அண்ணர், குடியேறியிருந்த ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அண்ணர் சிரத்தை மிக்கவர். இரண்டு பனிக்காலம் முழுவதும் வேலையால் வந்தபின் இராவிராவாக இருந்து, ஒவ்வொரு படத்தின் முகத்தையும் முதுகையும் வெவ்வேறாக ஸ்கேன் பண்ணி, 312 படங்களுக்கு 624 கோப்புகளாக ஓர் இணையச் சேமிப்பகத்தில் ஏற்றி, உலகமெங்கும் சிதறிக்கிடந்த எங்களுக்கெல்லாம் அதன் இணைப்பை அனுப்பினார். 2013 யூலை 8 இல் ரொறன்ரோவில் கொட்டிய பெருமழை அவர் வீட்டு நிலவறையையும் நிரப்பியபோது, பெட்டிக்குள் இருந்த மூலப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாய்ப் போயின. "பயப்படாதேங்கோ, எல்லாம் மேலை பத்திரமாய்க் கிடக்கு" என்று அண்ணர் அன்றைக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். நாங்களும் அந்த ‘மேலை’யை நம்பினோம்.

சில வருஷங்களில் அண்ணர் காலமானார். அதன் பிறகு, சேமிப்பகத்தை நடத்திய நிறுவனம் அந்தச் சேவையை முடித்துக்கொள்ளத் தீர்மானித்து, கோப்புகளை எடுத்துக்கொள்ளும்படி தவணை குறித்து அறிவித்தல் அனுப்பியது. அறிவித்தல் போனது அண்ணருடைய மின்னஞ்சலுக்கு. அதன் கடவுச்சொல்லோ அவரோடு போய்விட்டது. ஆட்டைத்திவசத்துக்கு அவருடைய பால்யகாலப் படம் ஒன்றைத் தேடி இணைப்பை அமுக்கியபோதுதான், அப்படியொரு பக்கம் இல்லை என்ற ஒற்றை வரியைக் கண்டோம். நிறுவனம் சொல்லாமல் மூடவில்லை. சொன்னது இறந்துபோன ஒருவரிடம்.

மிஞ்சியவை, யாரோ எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் சொந்தக்காரரின் கைத்தொலைபேசிகளில் தங்கிக் கிடந்த 41 படங்கள். பலமுறை கைமாறிச் சுருங்கியவை ஆதலால் முகங்கள் மங்கலாகவே தெரிந்தன. அவற்றிலும் முதுகுப்புறம் ஒன்றுகூட இல்லை. முகத்தைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் முகத்தை மட்டுமே அனுப்பினார்கள். அப்பப்பாவின் நீல எழுத்து ஒருவர் கண்ணுக்கும் அனுப்பத்தக்க பொருளாகப் படவில்லை.

அறிவித்தலோடும் அறிவித்தலின்றியும்

எங்களுக்கு நேர்ந்தது புதுமையன்று. 1994 இல் தொடங்கி, 1999 இல் யாஹூ நிறுவனத்தின் கைக்குப் போன ஜியோசிட்டீஸ் சேவையிலே, எழுத்துத் தொழிலோ கணினிப் பயிற்சியோ இல்லாத சாமானியர் லட்சோபலட்சம் பேர் தங்கள் ஊரையும் குடும்பத்தையும் ரசனையையும் பற்றிப் பக்கங்கள் கட்டினார்கள். நம்மவரும் அங்கே எழுதினார்கள். 2009 ஒக்டோபர் 26 இல் அது மூடப்பட்டது. ஜேசன் ஸ்கொட் என்பவரும் அவரோடு சேர்ந்த ‘ஆர்க்கைவ் டீம்’ தொண்டர்களும் இறுதி மாதங்களில் இரவுபகலாகப் பிரதியெடுத்து மறுஆண்டு பொதுவில் வெளியிட்டிராவிட்டால், அந்தத் தலைமுறையின் கைவண்ணத்தில் இன்று நாம் காண்பதிலும் மிகச் சொற்பமே எஞ்சியிருக்கும்.

தவணை கொடுத்து மூடியவர்களும் உண்டு. உபுண்டு வன் என்ற கோப்புச் சேமிப்புச் சேவை 2014 ஏப்ரலில் அறிவித்து யூலை முடிவு வரை அவகாசம் தந்தது. அமேசன் நிறுவனம் தனது ‘டிரைவ்’ சேவையை மூடப்போவதாக 2022 இலேயே சொல்லி, 2023 டிசம்பர் 31 இல் மூடியது. விஷயம் தெரிந்தவர், உயிரோடிருப்பவர், வேகமான இணைப்பு உள்ளவர் ஆகியோருக்கு இந்த அவகாசம் போதும். நெடுந்தீவில் அலைத்தொடர்பு விட்டுவிட்டு வரும் ஒரு வீட்டிலிருந்து பார்த்தால் அதே அவகாசம் வேறுவிதமாகத் தோற்றும். தவணையே இல்லாமல் போனதும் உண்டு. 2012 ஜனவரி 19 இல் அமெரிக்க அரசு பதிப்புரிமைக் குற்றஞ்சாட்டி மெகாஅப்லோட் சேவையை முடக்கியபோது, களவாடிய படங்களோடு, நேர்மையாகத் தங்கள் உழைப்பைச் சேமித்திருந்தவர்களின் கோப்புகளும் பூட்டுண்டன. ஒகையோ மாநிலத்தில் பாடசாலை விளையாட்டுகளைப் படம்பிடித்துச் சீவித்த ஒருவர் தமது கோப்புகளைக் கேட்டு நீதிமன்றப் படியேறி ஆண்டுக்கணக்கில் அலைந்தார். நெதர்லாந்தில் அச்சேவைக்கென இருந்த 630 சேர்வர்களை, அவற்றை வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் 2013 இல் துடைத்தே விட்டது. பராக்கிரமபாகுவின் துறைமுகத்தில் உடையவனுக்குப் பாதியாவது இருந்தது. இங்கே ஒரு துரும்பும் இல்லை.

மூடாமலே தொலைத்த கதையும் ஒன்று. 2016 க்கு முன்பு மைஸ்பேஸில் ஏற்றப்பட்ட பாட்டுகளும் படங்களும் சேர்வர் மாற்றும்போது அழிந்துபோனதாக 2019 மார்ச்சில் தெரியவந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த இளைஞர் சங்கீதம் அது.

முகிலுக்கும் உடையவன் உண்டு

இணையச் சேமிப்புக்கு ‘முகில்’ என்ற பெயரை வைத்தவர் யாரோ, அந்தப் பெயர் பாதி மயக்கத்தை உண்டாக்கிவிட்டது. வானத்திலே, எவருக்கும் சொந்தமில்லாமல், எல்லார் தலைக்கு மேலும் மிதக்கும் ஒன்று என்ற எண்ணம் அந்தச் சொல்லைக் கேட்டதுமே வந்துவிடுகிறது. உண்மையில் அது எங்கோ ஒரு தேசத்தில், குளிரூட்டிய பெரிய மண்டபத்தில், இரும்பு அடுக்குகளில் வரிசையாய் நிற்கும் கணினிகள். அவற்றுக்கு மின்கட்டணம் உண்டு, வாடகை உண்டு, பழுது உண்டு, முதலாளி உண்டு. நல்ல நிறுவனம் ஒரு கோப்பைப் பல தட்டுகளில், பல கட்டடங்களில், பிரதி பண்ணியே வைக்கிறது. ஒரு தட்டுக் கெட்டாலும் கோப்புக் கெடுவதில்லை. ஆனால் அந்தப் பிரதிகள் யாவும் ஒரே எசமானின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. இலாபமில்லை என்று அவர் தீர்மானிக்கும் நாளில், பத்துப் பிரதியும் ஒரே கட்டளையில் போய்விடும். இயந்திரக் கோளாற்றிலிருந்து காக்கும் ஏற்பாட்டை நாம், மனிதத் தீர்மானத்திலிருந்தும் காக்கும் ஏற்பாடு என்று பிழையாக விளங்கிக்கொண்டோம்.

அரசாங்கமே நடத்தினாலும் நிலைமை மாறிவிடுவதில்லை. 2023 ஓகஸ்ட் 26 இல் இலங்கை அரசாங்கத்தின் முகிற் சேவை கப்பம் கேட்கும் நச்சுநிரலால் தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 5,000 உத்தியோக மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன; அவ்வாண்டு மே 17 முதல் தாக்குதல் நாள் வரையான கடிதங்கள், அந்தக் காலப்பகுதிக்கு மாற்றுப் பிரதி இல்லாமையால், மந்திரிசபை அலுவலகத்தினவும் உட்பட, இல்லாமற்போயின. கணினித் தேர்ச்சிக்குப் பெயர்போன தென்கொரியாவிலோ, 2025 செப்ரெம்பர் 26 இல் தேஜோன் நகரத் தரவு நிலையத்தில் பற்றரியிலிருந்து மூண்ட தீ, அரச ஊழியர் கோப்புகள் வைத்திருந்த 858 ரெராபைற் சேமிப்பை எரித்துவிட்டது. அளவு பெரிதாயிருந்தது என்ற காரணத்தால் அதற்கு வெளியிடத்துப் பிரதி எடுத்திருக்கவில்லை.

பெயர்த்தெழுதிய கைகள்

உப்புக்காற்று ஆணியைத் தின்னும், கறையான் வளையைத் தின்னும் இந்தத் தீவுகளிலே, பொருள் தானாக நிலைக்கும் என்று நமது முன்னோர் ஒருநாளும் நம்பியதில்லை. ஏட்டுச்சுவடி சில தலைமுறைக்குமேல் தாங்காது என்று தெரிந்திருந்தமையால், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிலே பெயர்த்தெழுதுவதை வித்தியாரம்பத்தின் அடுத்த படியாகவே வைத்திருந்தார்கள். சங்க நூல்கள் நமக்கு வந்த வழி இது ஒன்றே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்ற ஊரூராகச் சுவடி தேடியபோது, அவர் கையில் ஒடிந்த ஏடுகள் அந்தச் சங்கிலி அறும் தறுவாயில் இருந்ததற்குச் சாட்சி.

ஒரே ஒரு பிரதி எவ்வளவு அபாயமானது என்பதை அறிந்த மகான் ஒருவர் ஊர்காவற்றுறைக் கரம்பனிலேயே 1913 இல் பிறந்தார். தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களைத் துருவித் தேடியபோது, அந்தோம் டி புரோயென்சா என்ற யேசு சபைத் துறவி தொகுத்து 1679 இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதி, உரோமாபுரியில் வத்திக்கான் நூலகத்தில் தன்னந்தனியாக உயிர்தரித்திருக்கக் கண்டார். கண்டதை அறிவித்து ஒரு கட்டுரை எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1966 இல் கோலாலம்பூரிலிருந்து அதன் நிழற்படப் பதிப்பை வெளியிட்டு, ஒன்றைப் பலவாக்கினார். ரோமில் இருந்ததைப் பத்துத் தேசங்களில் இருக்கச் செய்தார் என்பதே அவர் செய்த சம்ரக்ஷணை.

ஒன்றைப் பலவாக்கத் தவறியதன் தண்டனையையும் நாம் அனுபவித்தோம். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு சாம்பரானவற்றில் வேறெங்கும் பிரதியில்லாதவையும் இருந்தன. அந்தத் துயரத்தின் நிழலில் வளர்ந்த தலைமுறை 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிமத் திட்டம், ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், கலியாணவீட்டு அழைப்பிதழ்கள், கல்வெட்டுகள் என்று நாம் பெயர் சொல்லும் மரண நினைவு மலர்கள் என, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை எவரும் இலவசமாக வாசிக்கும்படி ஏற்றியிருக்கிறது. ஒருவர் வீட்டு அலுமாரியில் கிடந்த மலரை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்கள் இறக்கித் தங்கள் கணினியில் வைத்துக்கொள்ளும்போது, அதற்கு ஒரே எசமான் என்ற நிலை நீங்கிவிடுகிறது. பெயர்த்தெழுதிய கைகளின் தொடர்ச்சி அது.

முதுசத்துக்கு ஒரு வியவஸ்தை

யாழ்ப்பாணத்தவர் சொத்துரிமையை இலேசாக எடுத்துக்கொள்பவர்களல்லர். ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, முதுசம் என்றும் சீதனம் என்றும் தேடிய தேட்டம் என்றும் ஒவ்வொரு பனைக்கும் கிணற்றுப் பங்குக்கும் வழி சொல்கிறது. அப்பப்பாவின் படங்கள் முதுசமல்லவா? அண்ணர் இராக்கண் விழித்து உண்டாக்கிய 624 கோப்புகள் அவருடைய தேடிய தேட்டமல்லவா? வேலியில் ஒரு கதியால் தள்ளி நட்டால் நீதிமன்றம் போகும் நாம், இந்த முதுசம் முழுவதும் வாசிக்காமல் அமுக்கிய ஒரு சம்மதப் பொத்தானால் பறிபோவதைச் சகித்துக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் கொஞ்சம் விழித்திருக்கிறது. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி, ஒருவர் கொடுத்த தரவைக் கணினி வாசிக்கத்தக்க வடிவில் அவரே திரும்பப் பெறும் உரிமையை அங்கீகரிக்கிறது. இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஆனால் நாம் கேட்கவேண்டியது கலம் மிதக்கும் காலத்து உரிமையோடு முடிவதன்று. கலம் கெடும்போது உடையவனுக்கு என்ன என்ற அந்தப் பழைய கேள்விக்கும் விடை வேண்டும். சேமிப்பகம் ஒன்றை மூடுபவர் ஓராண்டாவது தவணை தரவேண்டும். கணக்கு வைத்திருப்பவர் மறுமொழி சொல்லாவிட்டால், அவர் முன்பே குறித்துவைத்த இன்னொருவருக்கும் அறிவிக்கவேண்டும். மூடியபின்னும் சில ஆண்டுகளுக்கு, கேட்டுவரும் உரித்தாளர் எடுத்துக்கொள்ளும்படி கோப்புகளை உறங்குநிலையிலாவது வைத்திருக்கவேண்டும். கப்பல் உடைந்த பரதேசிக்கு ஓர் அரசன் எட்டு நூற்றாண்டுக்கு முன்பு கொடுத்த நியாயத்தை இன்றைய பாராளுமன்றங்களிடம் கேட்பது அதிக ஆசையாகாது.

வீட்டில் செய்யத்தக்கது

சட்டம் வரும்வரை காத்திருக்கலாகாது. கோப்புகளைக் காப்பவர்கள் எளிய கணக்கு ஒன்று சொல்வார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறிடத்தில். ஒன்று இணையச் சேமிப்பகத்தில் இருக்கட்டும். ஒன்று வீட்டில் வெளிவன்தட்டில் இருக்கட்டும். இன்னொன்று கடல்கடந்த உறவினர் வீட்டில் இருக்கட்டும். வன்தட்டு சில ஆண்டுகளில் களைத்துவிடும், உப்புக்காற்றில் இன்னும் விரைவாக. ஆதலால் வருஷத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு வீடு மெழுகுவதுபோல, எடுத்துப் போட்டுப் பார்த்து, ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றவேண்டும். மிக முக்கியமான ஐம்பது படங்களையாவது நல்ல தாளில் அச்சிட்டு வைக்கவேண்டும். தாளுக்குக் கடவுச்சொல் வேண்டியதில்லை.

கூகுள் நிறுவனம், இரண்டு ஆண்டுகள் எவரும் திறக்காத தனியாள் கணக்குகளை அழிக்கும் விதியை 2023 மே மாதத்தில் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே நிறுவனத்தின் கணக்கில், நாம் நீண்டகாலம் வராதுபோனால் நமது கோப்புகள் யாரிடம் போகவேண்டும் என்று பத்துப் பேர் வரை குறித்துவைக்கும் வசதியும் உண்டு. வெளிநாட்டிலிருக்கும் ஒவ்வொரு அண்ணரும் அக்காவும் இன்றிரவே உட்கார்ந்து அதைச் செய்யவேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன். எங்கள் அண்ணருக்கு அதைச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை.

பென்சில் எழுத்து

மிஞ்சிய 41 படங்களையும் யாழ்ப்பாணத்தில் அச்சடிப்பித்து எடுத்துக்கொண்டு, பண்ணைப் பாலம் கடந்து, வேலணைக்குப் போனேன். அங்கே, எங்கள் பழைய வளவில் மீளக் கட்டிய இரண்டறை வீட்டில், அப்பப்பாவின் கடைசி மகள், எண்பத்துமூன்று வயதுச் சின்னமாமி இருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் படத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோய், பிறகு தூரப் பிடித்து, "உதிலை தோணிக் கடையாரிலை குந்திக்கொண்டிருக்கிறது ஆரெண்டு தெரியுதோ, தம்பி? உன்ரை கொப்பர்தான். நயினாதீவுத் தேருக்குப் போன நாள். அண்டைக்குக் காத்து எழும்பி எல்லாரும் நனைஞ்சது" என்றார். எழுத நான் பேனை எடுத்தேன். அவர் கையைத் தடுத்தார். "மை வேண்டாம். ஊறிப்போம். பென்சிலாலை மெல்ல எழுது. ஐயா கடைசியிலை அப்பிடித்தான் சொன்னவர்."

அன்றைக்குப் பொழுதுபட 17 படங்களின் முதுகு நிரம்பியது. ஐந்தில் நிற்பவர் சிலரை அவருக்கும் ஞாபகமில்லை. அவர்களுடைய இடத்தை வெறுமையாக விட்டோம். எழுதிய ஒவ்வொரு முதுகையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, முகத்தோடு சேர்த்து, ரொறன்ரோவில் அண்ணரின் மகளுக்கும் பாரிசில் தங்கைக்கும் அங்கேயே இருந்து அனுப்பினேன். நயினாதீவுச் சாசனத்தை அரசன் கல்லிலும் செம்பிலும் வெட்டுவித்தானாம். செம்பு நம் கைக்கு வரவில்லை, கல் வந்தது. எது வரும் என்று எழுதியவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால்தான் இரண்டிலும் எழுதினான்.

இன்னும் 24 படங்கள் இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார் சின்னமாமி.